உப்புக் காற்று உங்கள் குற்றமல்ல

கன்னியாகுமரியில் கடல் பார்த்த சிறு விடுதிகளை நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும்,

நான் திருச்சியில் பள்ளி ஆசிரியை, பாடம் வேதியியல். பதினோரு ஆண்டுகளாகக் காலாண்டு விடுமுறையில் அம்மாவை அழைத்துக்கொண்டு உங்கள் ஊருக்கு வருகிறேன். ஒவ்வொரு முறையும் ஒரே விடுதி, முடிந்தால் ஒரே அறை: மூன்றாம் மாடி, கிழக்கு மூலை. விடுதியின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் அந்த ஒருவருக்கான கடிதமாகச் சுருங்கிவிடும். இருபது முப்பது அறைகளை வைத்துக்கொண்டு, நட்சத்திர ஓட்டலாகவும் ஏறாமல், சத்திரமாகவும் இறங்காமல், நடுத்தரக் குடும்பங்களுக்குக் கடலைக் காட்டிக்கொண்டிருக்கும் உங்கள் எல்லோரிடமும் பேச வேண்டும்.

இப்போது எழுதக் காரணம் உண்டு. கடந்த முறை கணக்கு முடிக்கப் போனபோது எங்கள் விடுதி உரிமையாளர் ஒரு வரைபடத்தை மேசைமேல் விரித்தார். பால்கனிகளை எல்லாம் அறைக்குள் சேர்த்து, தரையிலிருந்து கூரைவரை திறக்காத கண்ணாடி போட்டு, எல்லா அறைக்கும் ஏ.சி. வைத்து, முகப்பில் தகடு ஒட்டப் போகிறார்களாம். "எல்லாரும் ஏசிதான் கேக்காங்க டீச்சர். பழசப் பாத்து மூஞ்சச் சுழிக்காங்க" என்றார். புதுக் கட்டடம் வரப்போகிறதே என்கிற பெருமை அந்தக் குரலில் இல்லை, வெட்கம்தான் இருந்தது. ஊரெல்லாம் விருந்தாளியாக வந்து தங்கிய வீட்டை நினைத்து வீட்டுக்காரரே வெட்கப்படுவதைப் பார்த்துவிட்டு ரயிலேறினேன். வள்ளியூர் தாண்டும்வரை எனக்குப் பேச்சு வரவில்லை. "மனசுல இருக்கிறத எழுதேன்டி" என்று அம்மாதான் சொன்னாள்.

எழுதுகிறேன். உங்கள் விடுதிகளில் இரண்டு வகைக் குறைகள் இருக்கின்றன. ஒன்று கடல் செய்தது. மற்றொன்று நீங்கள் செய்தது. முதலாவதற்காக நீங்கள் வெட்கப்படுகிறீர்கள், அது வேண்டாம். இரண்டாவதைக் கண்டுகொள்ளாமல் இருக்கிறீர்கள், அதைத்தான் சரிசெய்ய வேண்டும்.

முதலில், நாங்கள் ஏன் திரும்பத் திரும்ப வருகிறோம் என்று சொல்லிவிடுகிறேன். விடியற்காலை ஐந்து மணி இருக்கும். மாடி பார்க்கும் அண்ணன் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு வருவார். யாரும் எழுப்பச் சொல்லியிருக்க மாட்டார்கள். "சூரியன் வரப்போவுது, மேல வாங்க" என்பது மட்டும்தான். மொட்டைமாடியில் முப்பது பேர், தோளில் துண்டு, கையில் குழந்தை. பூஜா விடுமுறைக்கு வந்த வங்காளக் குடும்பம், நாசிக்கிலிருந்து வந்த ஒரு வயதான தம்பதி, எங்களைப் போல் இரண்டு மூன்று தமிழ்க் குடும்பம். அம்மாவுக்கு முழங்கால் வலி என்று தெரிந்து, முன்வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி எப்போதும் காத்திருக்கும். சின்னமுட்டத்திலிருந்து கிளம்பிய விசைப்படகுகளின் விளக்குகள் தூரத்தில் ஒன்றொன்றாகச் சிறுத்துப் போகும். அம்மன் கோயில் மணி, அலங்கார உபகார மாதா கோயில் மணி, கீழே டீக்கடையில் பால் ஆற்றும் சத்தம், எல்லாம் ஒரே காற்றில் ஏறி வரும். பிறகு கிழக்கே ஒரு கோடு சிவக்கும். அந்த நேரத்தில் மொழி தெரியாத முப்பது பேரும் ஒரே மூச்சாக "ஆ" என்பதைக் கேட்க வேண்டும்.

அந்த மாடியிலிருந்து பார்த்தால் எதிரே 1892 டிசம்பரில் விவேகானந்தர் தவமிருந்த பாறை, அதன்மேல் 1970-ல் எழுந்த மண்டபம், பக்கத்துப் பாறையில் 2000-ஆம் ஆண்டின் முதல் நாள் திறந்த 133 அடி வள்ளுவர். பதினோரு ஆண்டில் அந்தக் காட்சியில் புதிதாக வந்து சேர்ந்தது, இரண்டு பாறைகளையும் இணைக்கிற 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் ஒன்றுதான். 2024 டிசம்பர் 30 அன்று திறந்தார்கள். அதற்குமுன் கடல் வற்றினால் வள்ளுவர் பாறைக்குப் படகு போகாது. அம்மா மூன்று முறை விவேகானந்தர் பாறையிலிருந்தே வள்ளுவரைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறாள். இப்போது நடந்து போகிறாள். பாலம் நல்லது. ஆனால் பாலத்தைப் பார்க்க வரும் கூட்டத்தை நம்பித்தான் உங்களில் பலர் வரைபடம் விரிக்கிறீர்கள் என்று கேள்விப்படுகிறேன். அதனால்தான் இந்த அவசரம்.

கடல் செய்யும் குறைகளுக்கு வருகிறேன். இதில் என் பாடமும் இருப்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்வதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அறைகளில் துண்டு காயாது. காலையில் கொடியில் போட்டது மாலையிலும் பிசுபிசுக்கும். விருந்தினர் "துவைக்கவே இல்லை" என்று சண்டைக்கு வருவார்கள். காரணம் உப்பு. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றில் மிதந்து வந்து துணியில் படிகின்றன. காற்றில் ஈரப்பதம் முக்கால் பங்கைத் தாண்டினால் போதும், உப்புப் பரல் தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். கடற்கரையில் அந்த அளவு ஈரப்பதம் பெரும்பாலான இரவுகளில் இருக்கும். எனவே காய்ந்த துண்டும் இரவில் மறுபடி நனையும். சலவைக்காரர் மேல் ஒரு தப்பும் இல்லை.

கதவு பிடிக்கிறது. எங்கள் அறையின் பால்கனிக் கதவு மழை நாளில் உப்பிக்கொள்ளும். "கொஞ்சம் தூக்கிப் பிடிச்சு தள்ளணும் டீச்சர்" என்று முதல் வருடமே கற்றுக்கொடுத்தார்கள். நல்ல அயினி மரம். ஈரம் குடித்துப் பெருக்கும், வெயில் வந்தால் இளைக்கும். மரம் மரமாக இருப்பதற்கு அடையாளம் அது.

இரும்பு துருப்பிடிக்கிறது. சிமெண்டுக்குள் இருக்கும் கம்பி சும்மா துருப்பிடிக்காது. கான்கிரீட்டின் காரத்தன்மை அதன்மேல் ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கி வைத்திருக்கும். உப்பிலுள்ள குளோரைடு மெதுவாக உள்ளே இறங்கி அந்தப் படலத்தை உடைக்கிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். உள்ளிருந்து நெருக்கி நெருக்கிக் கடைசியில் பூச்சு பெயர்ந்து விழுகிறது. ஆண்டுக்கொரு முறை வெள்ளையடித்தும் கைப்பிடிச் சுவரில் அதே இடத்தில் அதே பழுப்புக் கோடு வருவதற்குக் காரணம் இதுதான். வெள்ளையடிப்பவர் மோசம் செய்யவில்லை. வெள்ளைக்கு அடியில் நோய் இருக்கிறது.

குளியலறைத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, கீசரில் வெள்ளைப் படிவு கட்டிக்கொண்டு சூடேற நேரமாகும். இதற்குக் காரணம் நிலத்தடி நீரின் கடினத்தன்மை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டால்கூடச் சொல்வார்கள்.

இவற்றை வைத்துக்கொண்டு நீங்கள் தலைகுனிய வேண்டியதில்லை. வரவேற்பு மேசையில் ஒரு தாள் ஒட்டுங்கள்: "இது கடற்காற்று. துண்டு காயாது, கேட்டால் இன்னொன்று தருவோம். தண்ணீர் உவர்ப்பு, குடிக்கத் தனிக் கேன் இருக்கிறது." மூன்று வரி போதும். நடுத்தரக் குடும்பத்துக்காரர்கள் வீட்டிலும் குழாய் ஒழுகும், கதவு பிடிக்கும். உண்மையைச் சொன்னால் ஏற்றுக்கொள்வார்கள். ஏமாற்றப்பட்டதாகத் தோன்றும்போதுதான் துண்டின் ஈரம் பெரிதாகிறது.

இப்போது கண்ணாடி. அண்ணாச்சி, தயவுசெய்து இதைக் கொஞ்சம் யோசியுங்கள். உள்ளே ஏ.சி. போட்டுக் குளிர்ந்த கண்ணாடியின் வெளிப்பக்கத்தில், விடிகாலையின் ஈரக் காற்று பட்டால் என்ன ஆகும்? ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளியே முத்து முத்தாய் வேர்ப்பதுபோல வேர்க்கும். சூரியன் எழும் நேரத்தில், எந்த நேரத்தைக் காட்டத்தான் அவ்வளவு பணம் போட்டீர்களோ அந்த நேரத்தில், உங்கள் கண்ணாடி பூத்துப்போய் நிற்கும். காய்ந்த பிறகு உப்புப் படலம் மிஞ்சும். மூன்றாம் மாடியில் வெளிப்பக்கம் போய்த் தினமும் யார் துடைப்பது? ஏ.சி.யின் வெளிப்பெட்டியில் செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் ஒட்டியிருக்கின்றன. இரண்டு வேறு உலோகம், நடுவில் உப்பு நீர். எங்கள் ஆய்வகத்தில் மின்கலம் செய்வது இப்படித்தான். அலுமினியம் தன்னைக் கொடுத்துக் கரையும். துருவிலிருந்து தப்ப நினைத்துக் கடலுக்கு இன்னும் விலையுயர்ந்த தீனி போடப்போகிறீர்கள்.

ஏ.சி.யே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மே மாதம் வருகிறவர்களுக்கு, நோயாளிகளுக்கு அது தேவை. திறக்கிற சன்னலை மூடாதீர்கள் என்கிறேன். உங்கள் பழைய கட்டடத்தைக் கட்டிய கொத்தனார் தாழ்வாரத்தின் இரண்டு முனையையும் கிழக்கும் மேற்குமாகத் திறந்து விட்டிருக்கிறார். மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேறும். கதவைத் திறந்து போட்டால் மின்விசிறியே தேவைப்படாத இரவுகளை அந்தத் தாழ்வாரம் எங்களுக்குக் கொடுத்திருக்கிறது. அதை அடைத்துவிட்டுக் குளிரை விலைக்கு வாங்குவது என்ன கணக்கு?

இன்னொன்றும் இருக்கிறது. 1991 முதல் கடலோர ஒழுங்குமுறை அறிவிப்பு நடப்பில் இருக்கிறது. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர்வரை கட்டடம் எழுப்பக் கட்டுப்பாடுகள் உண்டு. அலைச்சத்தம் படுக்கைவரை கேட்கிற தூரத்தில் நிற்கும் உங்கள் கட்டடம், நாளைக்குப் புதிதாக வரும் எந்தப் பெரிய முதலாளிக்கும் எளிதில் கிடைக்காத இடம். அந்த அருகாமைதான் உங்கள் சொத்து. அதைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துவிட்டால், உள்நாட்டில் எங்கோ இருக்கும் ஓட்டல் அறைக்கும் உங்கள் அறைக்கும் வித்தியாசம் சுவரில் மாட்டிய படம் மட்டும்தான்.

இனி நீங்கள் செய்யும் குறைகள். கோபத்தோடு சொல்கிறேன், ஆனால் உரிமையோடு.

"சன்ரைஸ் வியூ" என்று பலகையில் எழுதிவிட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்த அறையைக் கொடுக்காதீர்கள். என் சித்தி குடும்பம் வேறொரு விடுதியில் அப்படி மாட்டிக்கொண்டது. கேட்டதற்கு, "சன்னல்ல தலைய நீட்டுனா தெரியும்" என்று பதில். சித்தப்பா கடைசிவரை அந்த ஒரு வாக்கியத்தைத்தான் கன்னியாகுமரியின் நினைவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சூரியனும் ஒரே இடத்தில் எழுவதில்லை. மார்கழியில் தென்கிழக்கே சாய்ந்து எழுகிறவன் ஆனியில் வடகிழக்கே போய்விடுகிறான். எந்த மாதம் எந்த அறையில் தெரியும் என்று மாடி பார்க்கிறவருக்கு அத்துபடி. அவரைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அறை பதிய அழைப்பவரிடம் "இந்த மாசம் உங்க அறையில தெரியாது, மாடிக்கு வரணும்" என்று சொல்லுங்கள். யாரும் பதிவை ரத்துசெய்ய மாட்டார்கள்.

பகல் பன்னிரண்டு மணி விவகாரம். சென்னை ரயில் விடிகாலையில் வந்து சேர்கிறது. இந்தியத் தண்டவாளம் முடிகிற ஊர் உங்களுடையது. இரவெல்லாம் உட்கார்ந்து வந்த குடும்பத்தை, தூங்கும் குழந்தையோடு, நண்பகல்வரை வரவேற்பறை நாற்காலியில் உட்கார வைப்பது எந்த ஊர் வழக்கம்? நம் லாட்ஜுகளில் காலங்காலமாக இருந்தது இருபத்து நாலு மணி நேரக் கணக்கு. வந்த நேரத்திலிருந்து எண்ணு, அவ்வளவுதான். ரயில் ஊருக்கு ஏற்ற நியாயமான கணக்கு அது. பெரிய ஓட்டல்களைப் பார்த்து அதை விட்டவர்கள் தயவுசெய்து திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். சீசனில் முடியவில்லை என்றால், குளித்து உடை மாற்ற ஓர் அறையை மட்டுமாவது காலையில் திறந்து வையுங்கள்.

பால்கனிக் கம்பி. நான்கு ஆண்டுக்குமுன் அம்மா பிடித்து எழுந்தபோது ஒரு கம்பி அடியோடு கையில் வந்துவிட்டது. நான் பக்கத்தில் இருந்தேன், பிடித்துக்கொண்டேன். இன்றும் அந்த நொடியை நினைத்தால் வயிறு கலங்குகிறது. துருப்பிடித்தது கடலின் வேலை. துருவின்மேல் பெயிண்ட் அடித்து மறைத்தது மனிதர் வேலை. அந்த உரிமையாளர் ஒரு மணி நேரத்தில் கயிறு கட்டி, பால்கனியைப் பூட்டி, எங்களை வேறு அறைக்கு மாற்றினார். அடுத்த முறை போனபோது எல்லா மாடியிலும் மரத்தில் கைப்பிடி போட்டிருந்தார். அதனால்தான் இன்னும் அங்கேயே தங்குகிறோம். உங்கள் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன்: மழைக்காலம் முடிந்ததும் ஒரு சுத்தியலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கம்பியையும் தட்டிப் பாருங்கள். எவர்சில்வர் போடுவதானால் 304 வேண்டாம், மாலிப்டினம் கலந்த 316 கேளுங்கள். உப்புக் காற்றைத் தாங்குவது அதுதான். விலை கூடும். கீசர் இருக்கும் குளியலறைகளுக்கு மின்கசிவைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. மாட்டுங்கள். முகப்புத் தகட்டுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு சிறு பங்குகூட ஆகாது.

மாடி பார்க்கும் அண்ணனைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐந்து மணிக்குக் கதவு தட்டுகிறவர் முதல்நாள் இரவு பதினொன்றரைக்கு வந்த விருந்தினருக்குப் பெட்டி தூக்கியவர். மாடிப்படிக்குக் கீழே பாய் விரித்துப் படுக்கிறார். விருந்தினரை அழைத்துவந்த வண்டி ஓட்டுநர்கள் ஸ்டீயரிங்மேல் தலைவைத்துத் தூங்குகிறார்கள். விடுதிகளில் ஓட்டுநர்களுக்கு ஓய்விடமும் கழிப்பறையும் வேண்டும் என்று தமிழக அரசு 2023-லேயே கட்டட விதிகளில் சேர்த்துவிட்டது. உங்கள் கட்டடம் பழையது. விதி பிறகு வந்தது. ஆனாலும் தூக்கம் இல்லாத ஓட்டுநரோடு ஊர் திரும்பப்போவது உங்கள் விருந்தினர்தான். கீழ்த்தளத்தில் நான்கு கட்டில் போட ஓர் அறை ஒதுக்குங்கள். புதுக் கண்ணாடியைவிட முதலில் அது வரட்டும்.

சாப்பாடு பற்றிச் சுருக்கமாக. பட்டியலில் பனீர் பட்டர் மசாலா இருக்கட்டும், வடக்கிலிருந்து வருகிறவர்கள் தேடுவார்கள். ஆனால் மரச்சீனிக் கிழங்கும் சாளைக் குழம்பும் ஏன் காணாமல் போயின? எங்கள் விடுதியில் முன்பு காலைப் பலகாரத்தோடு ஆளுக்கொரு மட்டிப்பழம் வைப்பார்கள். விரல் அளவுதான், அதன் மணம் வேறெங்கும் கிடையாது. 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. இந்த ஆண்டு தட்டில் பழம் இல்லை. அம்மா இரண்டு நாளும் தட்டைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுந்துவிட்டாள்.

பணம் எங்கிருந்து வரும் என்று நீங்கள் கேட்பது நியாயம். 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய்வரையான அறைக்கு ஜி.எஸ்.டி. 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆனது. விருந்தினருக்கு லாபம். நீங்கள் வாங்கும் சாமானுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதியோ போய்விட்டது. இது உங்களுக்குச் சுமைதான், எனக்குத் தெரியும். அதனாலேயே சொல்கிறேன்: கழிக்க முடியாத வரியைக் கட்டிக் கண்ணாடியும் தகடும் ஏ.சி.யும் வாங்கி அடுக்குவதற்கு இது நேரமல்ல. வாடகையில் இருநூறு ரூபாய் கூட்டுங்கள். கம்பிக்கு, மின்சாரப் பாதுகாப்புக்கு, ஊழியர் அறைக்கு என்று எழுதிவைத்துக் கூட்டுங்கள். தருகிறோம். கார்த்திகை முதல் தைவரை ஐயப்பமார் வரும் காலத்தில் வாடகை ஏறுவதையும் புரிந்துகொள்கிறோம்; வாசலில் வந்து நின்றபின் சொல்லாமல் முன்கூட்டியே சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வரைபடத்தில் கையெழுத்துப் போடுவதற்குமுன் ஒரு நாள், நீங்களும் உங்கள் பிள்ளைகளும் விடிகாலை ஐந்து மணிக்கு உங்கள் சொந்த மொட்டைமாடிக்கு ஏறி வாருங்கள். உரிமையாளர் என்று சொல்லிக்கொள்ள வேண்டாம். விருந்தினர் நடுவே ஓர் ஓரமாக நின்று, அவர்கள் கடலைப் பார்ப்பதைப் பாருங்கள்.

எங்கள் உரிமையாளர் அண்ணாச்சிக்குத் தனியாக ஒரு வார்த்தை. அடுத்த காலாண்டு விடுமுறைக்குக் கிழக்கு மூலை அறைக்கான முன்பணத்தை நேற்று அனுப்பிவிட்டேன். பால்கனியோடு இருக்கும் அறைக்குத்தான் அனுப்பியிருக்கிறேன். அம்மாவுக்கு இந்த வைகாசியில் எழுபத்தாறு முடிகிறது. மாடியில் அந்த நாற்காலியைப் போட்டு வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய விருந்தாளி,
திருச்சி